துத்தம் ஏறிய முடி

என் மகள் வெள்ளை முடியோடு பிறந்தாள். புருவம், இமை, கைகளில் இருந்த பூனைமுடி எல்லாமே வெள்ளை. துணியில் சுற்றிக் கொண்டுவந்த நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமலேயே குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

உடம்பில் நிறம் ஊறாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு, அதற்கு யாரும் காரணமில்லை, பார்வை மங்கலாகத்தான் இருக்கும், வெயில் படாமல் வளர்க்க வேண்டும் என்று மதுரையில் ஒரு கண் டாக்டர் பிறகு சொன்னார். அதற்கு முன்பே எங்கள் அனுமந்தன்பட்டியில் காரணங்கள் எல்லாம் சொல்லி முடித்திருந்தார்கள். கர்ப்பத்தில் நான் கிரகணத்தைப் பார்த்துவிட்டேன் என்றார்கள். குங்குமப்பூவை அள்ளித் தின்றேன் என்றார்கள். மூணாறு பக்கம் எப்போதாவது போயிருந்தாயா என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். அங்கே வரும் வெள்ளைக்காரர்களை நினைத்துத்தான் கேட்டாள் என்பது வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த முடியை நான்தான் வளர்த்தேன். தினமும் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை போட்டு அனுப்புவேன். வீட்டுக்குள் விரித்துப் போட்டிருந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். வாசலைத் தாண்டும்போது துணியால் மூடிவிடுவேன். கேட்டவர்களிடம் வெயிலுக்கு என்று சொன்னேன். அது பாதி உண்மை.

என் வீட்டுக்காரருக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். நான் உத்தமபாளையத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளி விட்டதும் மகள் கடைக்கு வந்துவிடுவாள். புத்தகத்தை மூக்கில் இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் பிடித்துப் படிப்பாள். எதையும் உற்றுப் பார்க்கும்போது அவள் கண்மணிகள் இரண்டும் இடமும் வலமும் ஆடும். பழகாதவர்கள் அதைப் பார்த்தால் பேச வந்ததை மறந்துவிடுவார்கள்.

ஆறாம் வகுப்பில் அவள் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். பள்ளியில் விளையாட்டு நேரத்தில் அவளை மட்டும் வராந்தாவில் உட்கார வைத்துவிடுவார்கள். வெயிலில் விட முடியாது, பந்து வருவதும் தெரியாது. தேனி போகும் சாலையில், கேரளாவிலிருந்து வருகிறவர்களை நம்பிக் கட்டிய ஒரு விடுதி இருந்தது. அங்கே தகரக் கூரை போட்ட நீச்சல் குளம். சனி, ஞாயிறு காலையில் தங்கியிருப்பவர்கள் எழுந்து வருவதற்குள் வெளியாட்களின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பைக்கில் கூட்டிப்போவார், சில நாள் நான் பஸ்ஸில் கூட்டிப்போவேன்.

மூன்று மாதத்தில் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு நிற்காமல் வரப் பழகிவிட்டாள். ஒருநாள் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பாமல் சொன்னாள்:

"தண்ணிக்குள்ள எல்லாருக்கும் மங்கலாத்தான்மா தெரியும்."

அதற்குப் பிறகு என்ன வேலை இருந்தாலும் அந்த இரண்டு காலையும் நாங்கள் தவறவிடவில்லை.

அந்த முடிக்கு அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. முடியை நனைக்காமல், காய்ந்தபடியே அவளைக் குளத்தில் இறக்கிவிடுவேன். தலைக்கு உறை போடுவதில்லை, இறுக்குகிறது என்று அவள் சொன்னதும் நான் வற்புறுத்தவில்லை. ஏறி வந்ததும் துண்டால் துவட்டி, ஈரத்தோடு சடை பின்னி, அப்படியே வீட்டுக்கு. சாயங்காலம்தான் தலைக்கு ஊற்றுவேன். குளத்துத் தண்ணீர் நாள் முழுக்க முடியிலேயே இருக்கும்.

அடுத்த வருஷம் கோடை தொடங்கியபோது, பட்டா நகல் எடுக்கக் கடைக்கு வந்த ஒரு அம்மா என் மகளை எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா, புள்ள சடையில பாசி புடிச்ச மாதிரி இருக்கு?"

நான் முதலில் நம்பவில்லை. தலையில் கட்டும் துணியின் சாயம் ஒட்டியிருக்கும் என்றேன். அந்த அம்மா போனதும் சடையை அவிழ்த்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியிலிருந்து முக்கால் பங்குக்குப் பச்சை. காதோரத்தில் இருந்த சின்ன முடிகள்கூட.

அந்த வெளிச்சம் கண் கூச, மகள் ஒரு பிரியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது. எந்தப் பச்சைம்மா?"



பள்ளியில் பிள்ளைகள் அதற்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். இரண்டு வாரமாக அவளைப் 'பாசி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். எதற்கு அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் இருந்திருக்கிறாள். இப்போது தெரிந்துவிட்டது. அழவில்லை. "அதுக்குத்தானா," என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். சீயக்காயைக் குழைத்து அரக்கித் தேய்த்தேன். மறுநாள் எலுமிச்சம்பழம் நான்கைப் பிழிந்து ஊற்றினேன். அதற்கடுத்த நாள் சோப்பு. பச்சை போகவில்லை, முடியில் இருந்த வழவழப்புதான் போனது. தேங்காய் நார் மாதிரி ஆனது. சீப்பு வைத்தால் பாதியில் ஒடிந்து கையோடு வந்தது. அவள் தலையைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் விடவில்லை. அப்போது என் கையில் இருந்த வேகத்தை இப்போது நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. அந்தப் பச்சையை மட்டும்தான் தேய்த்தேன் என்று சொல்ல முடியாது.

நான்காம் நாள் என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்தார். கொடிக்கு மருந்தடித்த நாள் அது. கைகால் கழுவப் போனவர், முற்றத்தில் முடியை விரித்து உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து நின்றார். சட்டையைக் கழற்றி, அதன் கைப்பகுதியை அவள் முடிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே பச்சை.

"இது மயில்துத்தம்," என்றார்.

திராட்சைக்கு நோய் வராமல் இருக்க, செம்பு உப்பான மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பது எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாரும் செய்வதுதான். எங்கள் வீட்டு வாளி, கயிறு, அவருடைய வேட்டி, சட்டை எல்லாவற்றிலும் அந்த நிறம் இருக்கும். பதினைந்து வருஷமாக நான் துவைத்த நிறம். மகள் தலையில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு இருவரும் விடுதிக்குப் போனோம். குளத்தைப் பார்த்துக்கொள்கிறவர் குமுளிப் பக்கத்து ஆள், வயதானவர். மறைக்கவில்லை.

"ஆமாண்ணே. வெயிலுக்குப் பாசி கட்டிருச்சு. தங்கவந்தவுக வழுக்குதுன்னு சண்டைக்கு வந்துட்டாக. துத்தம் போட்டா நிக்கும்னாக, போட்டேன். கொஞ்சம் கூடிப்போச்சு போல."

"மத்தப் புள்ளைகளும்தான குளிக்குது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"கறுப்பு முடியில தெரியலண்ணே. பாப்பா முடியிலதான் அப்படியே காட்டுது."

அவர் மேல் கோபப்படத்தான் போயிருந்தேன். அவர் என் மகளை நினைத்து முகம் வாடி நின்றதைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

அங்கிருந்து தேனிக்குப் போய் ஒரு பியூட்டி பார்லரில் ஏறி விசாரித்தோம். அந்தப் பெண் முப்பது வயதுக்குள் இருப்பாள். முடியை நிறம் எடுத்துச் சாயம் போடுவது அவள் வேலை என்பதால் வெளுத்த முடியின் குணம் தெரிந்திருந்தது. என் மகளின் சடையைத் தொட்டுப் பார்த்தவுடன், "யாரு இப்படிப் போட்டுத் தேய்ச்சது?" என்றாள். 

"தேய்ச்சா இது போகாதுக்கா. அழுக்கா இருந்தாத்தான போகும், இது செம்பு. முடிக்குள்ள ஏறிருச்சு. மெடிக்கல்ல வைட்டமின் சி வாங்குங்க. ஆரஞ்சு கலர் மாத்திரை வேண்டாம், அந்தக் கலரும் ஏறிக்கிரும். வெள்ளையா, தூளா வேணும்னு கேளுங்க. தண்ணியில கரைச்சு, முடி பூரா நனைச்சு, பிளாஸ்டிக் கவர் கட்டி அரைமணி நேரம் வைங்க. அப்புறம் அலசிட்டு எண்ணெய். வாரத்துக்கு ஒருவாட்டிதான். தெனமும் போட்டா இருக்குற முடியும் ஒடிஞ்சுரும். நாலஞ்சு வாரத்துல போயிரும்."

இனிமேல் குளத்தில் இறங்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவளே மகளிடம் நேராகச் சொன்னாள். முதலில் நல்ல தண்ணீரில் முடியை முழுக்க நனைத்துக்கொள்ள வேண்டும், முடி அதைக் குடித்துவிட்டால் குளத்துத் தண்ணீர் அதிகம் ஏறாது. மேலே தேங்காய் எண்ணெய். அதற்கு மேல் உறை. ஏறி வந்த உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மகள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் அந்தப் பெண் ஒடிந்த நுனிகளை மட்டும் ஒரு விரல்கடை வெட்டிவிட்டாள்.

வெள்ளைத் தூளை மருந்துக்கடைக்காரர் இரண்டு நாளில் வரவழைத்துக் கொடுத்தார். முதல் தடவை அலசியபோது வாளித் தண்ணீர் இளம்பச்சையாக ஓடியது. இரண்டாவது வாரம் இன்னும் கொஞ்சம். பச்சை பாதியாகக் குறைந்து, தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் போதும்.

அதற்குள் ஜெயமங்கலத்திலிருந்து என் நாத்தனார் போன் செய்தார். அவருடைய மகளுக்குக் கல்யாணம், பத்து நாள் இருந்தது.

"புள்ளைக்கு முடி பச்சையாப் போச்சாமே?"

"குறைஞ்சிருச்சு மதினி. மருந்து போடுறோம்."

"தப்பா நினைக்காத. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக எல்லாம் வந்திருப்பாக. வெள்ளையா இருக்குன்னு ஏற்கனவே ஒருதடவை கேட்டுட்டாக, எங்க பக்கமும் இப்படிப் பொறக்குமான்னு. இதுல பச்சையா வேற கூட்டிட்டு வந்து நின்னா நான் என்ன சொல்ல? நீயே ஒரு வழி பாரு."

வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

மொட்டை போடும் யோசனை என்னுடையதுதான். அதை யார் மேலும் தள்ள முடியாது. மொட்டை போட்ட பெண்பிள்ளையை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அம்மனுக்கு நேர்ந்தது என்று சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். வெள்ளை, பச்சை இரண்டும் ஒரே நாளில் இல்லாமல் போய்விடும். அப்படித்தான் நினைத்தேன். ஒரு கல்யாணத்துக்காவது அவளை மூடாமல் கூட்டிப்போகலாம் என்று எனக்கு ஒரு ஆசைகூட வந்தது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அதான் போய்க்கிட்டு இருக்குல்ல," என்றார்.

"கல்யாணத்துக்குள்ள போகாது."

"அப்பக் கல்யாணத்துக்குப் போகவேணாம்."

"உங்க அக்கா வீட்டுக் கல்யாணம். போகலைன்னா அதுக்கும் என்னையத்தான் சொல்வாக."

அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வீரபாண்டி அம்மன் கோயிலுக்கு நானும் மகளும் மட்டும் பஸ்ஸில் போனோம். மொட்டை போடும் கொட்டகைக்குள் போகும்வரை அவளிடம் சொல்லவில்லை. சாமி கும்பிடப் போகிறோம் என்றுதான் சொல்லியிருந்தேன். கத்தியைத் தீட்டும் சத்தத்தில்தான் அவளுக்குப் புரிந்தது.

"இப்பத்தான போய்ட்டிருந்துச்சு?" என்றாள்.

"அம்மனுக்கு நேர்ந்தது, ஆத்தா."

"எப்ப நேர்ந்த?"

"நீ கைப்புள்ளையா இருக்கும்போது."

அவள் என் முகம் இருந்த திசையில் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்மணிகள் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு போய் பலகையில் உட்கார்ந்தாள். முடி எடுக்கிறவர் தண்ணீர் தெளித்துத் தடவிவிட்டு, "சாயமா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். முதல் பொய்க்குப் பிறகு இரண்டாவது சுலபமாக வந்தது.

முடித்துவிட்டு சந்தனம் குழைத்துத் தலையில் பூசினேன். தொப்பி வைத்தால் சந்தனம் ஒட்டும் என்று பையில் போட்டுவிட்டேன். குடை இருந்தது. ஆனால் எனக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. கோயிலும் தெரிய வேண்டும், மொட்டையும் தெரிய வேண்டும், நாத்தனாருக்கு அனுப்ப வேண்டும். வேண்டுதல்தான் என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும். கோபுரம் தெரிகிற மாதிரி அவளை வெட்டவெளியில் நிறுத்தினேன். மணி பன்னிரண்டு இருக்கும். வெயிலில் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. கண் மூடிய போட்டோ நன்றாக இல்லை.

"கண்ணத் திற," என்றேன். "கொஞ்சம் திற. நிமிர்ந்து பாரு."

எத்தனை போட்டோ எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது. ஒன்பது என்று பிறகு ஒருநாள் சொன்னாள். போன் ஒவ்வொரு முறை எழுப்பிய சத்தத்தையும் எண்ணியிருக்கிறாள். அதன் பிறகு தரிசன வரிசையில் நின்றோம். வரிசையின் பாதி நிழலுக்கு வெளியே இருந்தது. கூட்டத்தில் குடை விரிக்கக்கூடாது என்றார்கள். நான் கையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் தலை முழுவதும் சிவந்து வீங்கியது. பொழுது சாய்வதற்குள் கொப்புளம். காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. அவர் பைக்கை விட்டுவிட்டு, யாரிடமோ கார் கேட்டு எடுத்துக்கொண்டு வந்தார். தேனி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தோல் டாக்டர் ஒரு பெண். தலையைப் பார்த்துவிட்டு, யார் கூட வந்தது என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"இந்தப் பிள்ளைக்கு வெயிலைத் தாங்குற சக்தி தோல்ல கிடையாதும்மா. தலைக்கு இருந்த ஒரே மறைப்பு முடிதான். அது பச்சையா இருந்தா என்ன, நீலமா இருந்தா என்ன?"

அவர் திட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

உச்சியில் ஒரு கொப்புளம் உடைந்து சீழ் பிடித்தது. ஏழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். கல்யாணத்துக்கு எங்களில் யாரும் போகவில்லை. தாலி கட்டிய அன்று மத்தியானம் நாத்தனார் போன் செய்து, "போட்டோ பாத்தேன், அம்மன் மாதிரி இருந்தா," என்றார். பக்கத்துக் கட்டிலில் அவள் தலையணையில் தலை வைக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

முடி திரும்ப வளர்ந்தது. வெள்ளையாகத்தான் வளர்ந்தது. உச்சியில் மட்டும் பெரிய பொட்டு அளவுக்கு ஓர் இடத்தில் வளரவில்லை. தோளைத் தொடும் நீளம் வந்தபோது ஒருநாள் நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்து, என் கையிலிருந்த சீப்பை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோபமாகக்கூடப் போகவில்லை. அன்றிலிருந்து அவள் தலையை அவளே பார்த்துக்கொள்கிறாள். வகிடு கோணலாகத்தான் இருக்கும், கண்ணாடியில் அவளுக்குத் தெரியாது. நான் சொல்வதில்லை.

ஒரு வருஷம் கழித்து அப்பாவிடம் கேட்டு மறுபடி நீந்தப் போக ஆரம்பித்தாள். குளத்து ஆள் இப்போது துத்தம் போட்டால் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறார், அந்த வாரம் போவதில்லை. பார்லர் பெண் சொன்ன எதையும் அவள் மறக்கவில்லை. நான் கூடப் போன ஒரு நாள், உடை மாற்றும் அறை வாசலில் நின்று பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் முடியை நனைத்தாள். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, நுனியிலிருந்து மேலே கொண்டுபோனாள். வழுக்கை இடத்துக்கு வந்ததும் விரல் தானாகச் சுற்றிப் போனது. பிறகு உறையை இரண்டு கையாலும் இழுத்து மாட்டினாள். முடியில் கொஞ்சமும் பச்சை ஏறவில்லை.

இப்போது அவளுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு மதுரையில் கல்லூரியில் சேரப்போகிறாள். போன வருஷம் அந்த உச்சி இடம் கொஞ்சம் தடித்தது என்று டாக்டர் சின்னதாகச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர எட்டு நாள் ஆனது. கெடுதலாக ஒன்றும் இல்லை, ஆனால் இனி வருஷா வருஷம் காட்ட வேண்டும் என்றார்கள். வெயில் பட்டதனாலா என்று கேட்டேன். அப்படி ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் நல்லவர்.

சென்ற மாதம் ஒரு மத்தியானம் அவள் அறையில் கட்டிலில் உட்கார்ந்து, கல்லூரி விண்ணப்பத்தைப் போனில் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். இத்தனை வருஷம் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன்.

"நான் அம்மனுக்கு எதுவும் நேரல."

அவள் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே. நேர்ந்திருந்தா அப்பாவும் வந்திருப்பாக."

"தெரிஞ்சும் ஏன் போய் உக்காந்த?"

 திரையில் விரலை வைத்து, படித்துக்கொண்டிருந்த வரியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ரொம்ப பயந்துபோயிருந்த," என்றாள்.

 மன்னித்துவிடு என்று சொல்லத்தான் அந்த வாசலுக்குப் போயிருந்தேன். அவள் குரலில் அதற்குக் காத்திருந்த மாதிரி எதுவும் இல்லை.

"கதவச் சாத்திட்டுப் போம்மா," என்றாள். "வெளிச்சம் கூசுது."

சாத்திவிட்டு வந்தேன்.